108 ஆம்புலன்சில் வேலை: சேர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். இன்று மாநிலம் முழுக்க 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஆள்சேர்ப்பு விளம்பரம் வரும்போதெல்லாம் தெரிந்த பிள்ளைகளும், சில சமயம் அவர்களுடைய அப்பாக்களும் போன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். வண்டியில் சில வருடம் இருந்தவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில்களை எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் இ.எம்.டி. வேலையைப் பற்றித்தான் இருக்கும்.

இ.எம்.டி. யார், பைலட் யார்?

வண்டியில் இரண்டே பேர். ஓட்டுபவரை எங்கள் வட்டாரத்தில் பைலட் என்போம். பின்னால் நோயாளியோடு உட்காருபவர் இ.எம்.டி., அதாவது அவசரகால மருத்துவ உதவியாளர். நர்ஸ், டாக்டர் யாரும் கூட வரமாட்டார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்குவது இரண்டு பேரும் சேர்ந்துதான். பைலட் அனுபவஸ்தராக அமைந்துவிட்டால் புது இ.எம்.டி.க்குப் பாதிக் கவலை குறையும்.

என்ன படித்திருக்க வேண்டும்?

பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். போன்ற நர்சிங் படிப்புகள், பிளஸ் டூ-வுக்குப் பிறகு இரண்டு வருட டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகப் படிப்பு) படித்தவர்கள் வரலாம். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் மாதிரி உயிரியல் பாடங்களில் பி.எஸ்சி. முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். வயது பொதுவாக 19 முதல் 30 வரை.

பைலட்டுக்குப் பத்தாம் வகுப்பு போதும். ஆனால் வயது, உயரம், லைசென்ஸ் எடுத்து எத்தனை வருடம், பேட்ஜ் எடுத்து எத்தனை வருடம் என்று எல்லாம் பார்ப்பார்கள். இந்த நிபந்தனைகள் விளம்பரத்துக்கு விளம்பரம் கொஞ்சம் மாறும் என்பதால் அந்தந்த விளம்பரத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை.

இது அரசு வேலையா?

இல்லை. சேவை அரசுடையது, செலவும் அரசுடையது. நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. கிரீன் ஹெல்த் சர்வீசஸ் என்ற நிறுவனம். நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர். வண்டியில் தமிழ்நாடு அரசு முத்திரை இருப்பதைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டாரிடம் "கவர்மென்ட் வேலை" என்று சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் பிரச்சினை.

சம்பளம் சமீபத்திய விளம்பரங்களில் மாதம் 21,000 ரூபாயை ஒட்டி இருக்கிறது. வேலை 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். மாநிலத்தில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். தீபாவளி, பொங்கல், திருவிழா என்றால் ஊர் ஓய்வெடுக்கும், நமக்கு வேலை கூடும். இதைச் சொல்லாமல் யாரையும் இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது என் கட்சி. சேவை மனப்பான்மை வீட்டு வாடகை கட்டாது.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

முதலில் எழுத்துத் தேர்வு. அடுத்து மருத்துவ அறிவைச் சோதிக்கும் நேர்காணல், அதில் உடற்கூறு, முதலுதவி, அடிப்படை நர்சிங் வரும். கடைசியில் மனிதவளத் துறையினர் பேசுவார்கள். இதயத்துக்கு எத்தனை அறைகள், ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்வாய் என்கிற அளவுதான். பள்ளி உயிரியல் புத்தகத்தை இன்னொரு தடவை புரட்டிவிட்டுப் போனால் சமாளிக்கலாம். "இரவு வேலை பார்ப்பாயா, வெளி மாவட்டம் போவாயா" என்று கடைசியில் கேட்பதுதான் பலருக்கு உண்மையான பரீட்சை.

பயிற்சி எவ்வளவு நாள்? தாவரவியல் படித்தவன் தாக்குப்பிடிப்பானா?

இ.எம்.டி.க்கு சுமார் 50 நாள், பைலட்டுக்கு சுமார் 10 நாள். இ.எம்.டி. பயிற்சி வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூன்று இடத்திலும் நடக்கும்.

வகுப்பறையில் பொம்மையை வைத்து சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பதைக் கற்றுக்கொடுப்பார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொன்றும் குறைந்தது 5 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. சொல்ல எளிது. இரண்டு நிமிடம் ஒழுங்காக அழுத்திப் பாருங்கள், ஜிம்முக்குப் போகிறவனுக்கே தோள் கழன்றுவிடும். கழுத்துப் பட்டை போடுவது, முதுகெலும்பு அசையாமல் தூக்கும் ஸ்பைன் போர்டு பலகையில் ஆளைப் புரட்டி ஏற்றுவது, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை முகத்தில் காற்றுக் கசியாமல் பிடிப்பது எல்லாம் கை பழகினால்தான் வரும்.

மருத்துவமனைப் பயிற்சியை நிறையப் பேர் ஓரமாக நின்று ஓட்டிவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். கேஷுவாலிட்டியிலும் பிரசவ வார்டிலும் நிற்கும் நாட்கள் இந்தப் பயிற்சியிலேயே விலை மதிப்பானவை. அங்கே இருக்கும் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் அக்காக்களிடம் "அக்கா, நான் ஒரு தடவை பார்க்கட்டுமா" என்று கேட்டால் முதலில் முறைப்பார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். தாவரவியல் பட்டதாரி தாராளமாகத் தாக்குப்பிடிப்பான். நர்சிங் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கை முந்தும், அதற்குமேல் யார் கவனித்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வருமே?

பழகிவிடும். சிலருக்குப் பழகாது, அதுவும் பயிற்சியிலேயே தெரிந்துவிடும். ரத்தத்தைவிட வாந்தி நாற்றமும், சொந்தக்காரர்கள் அழும் சத்தமும்தான் புது ஆட்களைத் தடுமாற வைக்கும்.

ஒரு கேஸ் எப்படி நடக்கும்?

யாரோ 108-ஐ அழைக்கிறார்கள். சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்தில் எடுத்து, என்ன, எங்கே, எத்தனை பேர் என்று கேட்டு, பக்கத்தில் இருக்கும் வண்டிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வண்டி அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், காவல் நிலையம் என்று ஏதாவது ஓரிடத்தில் நிற்கும். கேஸ் வந்ததும் கிளம்பிக்கொண்டே அழைத்தவருக்குப் போன் போட வேண்டும். "மாரியம்மன் கோயில் பக்கத்துல சார்" என்பார். தமிழ்நாட்டில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எது? எந்த ரேஷன் கடை, எந்தத் தண்ணீர்த் தொட்டி, ரோட்டுக்கு ஓர் ஆளை டார்ச்சோடு அனுப்ப முடியுமா என்று கேட்டு வாங்குவது தனித் திறமை. அதே போனில் "ஆள் பேசுகிறாரா, மூச்சு எப்படி இருக்கிறது, ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்" என்றும் சொல்லிவிடலாம்.

போய் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது நோயாளியை அல்ல, இடத்தை. அறுந்து தொங்கும் மின்கம்பி, கவிழ்ந்த டேங்கர், வளைவில் வேகமாக வரும் பஸ். நீங்களும் அடிபட்டு விழுந்தால் அடுத்த வண்டி இரண்டு பேருக்கு வர வேண்டும். அதற்கப்புறம்தான் நினைவு, மூச்சு, நாடி, ரத்தக்கசிவு.

கூட்டம் "தூக்கிப் போட்டு கிளம்புங்க" என்று கத்தும். சில கேஸ்களில் அது சரி, உள்ளே ரத்தம் கசிகிற ஆளை ரோட்டில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது. ஆனால் மூச்சு நின்றவருக்கு இறங்கிய இடத்திலேயே சி.பி.ஆர். தொடங்க வேண்டும், ஓடும் வண்டியில் ஒழுங்காக அழுத்த முடியாது. வாயில் ரத்தமும் பல்லும் அடைத்துக் கிடப்பவரை அப்படியே ஏற்றினால் மருத்துவமனைக்குச் சேர்வதற்குள் மூச்சு முட்டிவிடும். எதற்கு ஓட வேண்டும், எதற்கு நிற்க வேண்டும் என்று அரை நிமிடத்தில் முடிவெடுப்பதுதான் இந்த வேலை. சைரனும் வேகமும் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிகிற பாகம்.

மருத்துவமனையில் ஒப்படைப்பதும் வேலைதான். "ஆர்.டி.ஏ. கேஸ் சார்" (சாலை விபத்து) என்று சொல்லிவிட்டு வெளியே வருவதல்ல. ஹெல்மெட் போட்டிருந்தாரா, இடையில் எத்தனை நிமிடம் நினைவில்லாமல் இருந்தார், வழியில் வாந்தி எடுத்தாரா, என்ன கொடுத்தோம் என்று டியூட்டி டாக்டர் காதில் விழும்படி நாலு வரியில் சொல்ல வேண்டும். வழியில் நடந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கழுத்துச் செயின், மொபைல், பர்ஸ் எல்லாவற்றையும் எண்ணி எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இதில் சோம்பேறித்தனம் காட்டினால் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள்.

எந்த மாதிரி கேஸ்கள் அதிகம் வரும்?

சாலை விபத்தும் பிரசவமும் நிறைய. ஊருக்கு ஊர் மாறும். நெடுஞ்சாலையை ஒட்டிய வண்டிக்கு விபத்து, விவசாயப் பகுதிக்குப் பூச்சிமருந்தும் பாம்புக்கடியும், நகரத்துக்கு நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும்.

பூச்சிமருந்து குடித்தவர் இருக்கும் வீட்டு வாசலிலேயே வாடை சொல்லிவிடும். கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்கி, வாயில் நுரையும் எச்சிலும் ஒழுக, உடம்பெல்லாம் வியர்த்து நனைந்திருக்கும். அதற்குள் வீட்டார் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருப்பார்கள். அது நுரையீரலுக்குள் போனால் விஷத்தோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, நனைந்த துணியைக் கத்தரித்து எடுத்து, தோலைத் தண்ணீரால் கழுவி, இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் ஊறுவதை உறிஞ்சி எடுத்துக்கொண்டே போக வேண்டும். அந்த மருந்து பாட்டிலை மறக்காமல் எடுத்து வாருங்கள், டாக்டருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

பாம்புக்கடியில் கட்டுக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசையாமல் மரச்சட்டம் வைத்துப் பிடித்து, நடக்க விடாமல் தூக்கி வர வேண்டும். நாகமும் விரியனும் கடித்தால் வலியும் வீக்கமும் தெரியும். கட்டுவிரியன் அப்படியில்லை. ராத்திரி தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்பார், கடித்த தடமே தெரியாது. அவர் கண் இமையைப் பாருங்கள். தூக்கம் சொக்குகிற மாதிரி இமை இறங்கினால் அது தூக்கமல்ல, நரம்பு விஷம். அடுத்து மூச்சுத் தசை நிற்கும், ஆம்பு பையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறி மருந்துதான், ஆகவே பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. (அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.)

இன்னொன்று, பஸ் ஸ்டாண்ட் கேஸ். "தண்ணி போட்டுட்டு விழுந்து கிடக்கான் சார்" என்று சுற்றி நிற்பவர்கள் தீர்ப்பே எழுதி முடித்திருப்பார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் வையுங்கள். சர்க்கரை 40-க்குக் கீழே இருக்கும். காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிய மனிதர். குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து "பஸ் போயிடுச்சா?" என்று கேட்பார். சாராய வாடை அடித்தாலும் சர்க்கரை பார்க்காமல் விடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மருந்தெல்லாம் நாமே கொடுக்கலாமா?

கூடாது. கட்டுப்பாட்டு மையத்தில் எப்போதும் டாக்டர் இருப்பார். போனில் நிலையைச் சொல்லி, அவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, கேஸ் படிவத்தில் எழுத வேண்டும். நாடி, பிரஷர், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, நினைவு நிலை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் அவரும் உடனே முடிவு சொல்வார். "சீரியஸா இருக்கார் சார்" என்று மட்டும் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. நோயாளி அவருக்கு உங்கள் வாய் வழியாகத்தான் தெரிகிறார்.

வண்டியிலேயே பிரசவம் ஆகுமா?

ஆகும். மலைப்பகுதியிலும் தூரக் கிராமங்களிலும் அடிக்கடி. ஏறும்போதே எத்தனையாவது பிரசவம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வலி, பனிக்குடம் உடைந்ததா என்று கேட்டு, பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) உள்ள அட்டையை வாங்கிப் பாருங்கள். ரத்த அளவு, பிரஷர், முந்தைய சிசேரியன் எல்லாம் அதில் இருக்கும். வழியில் அந்தப் பெண் "முக்கணும் போல இருக்கு" என்றால் மேற்கொண்டு ஓட்டச் சொல்லாதீர்கள். பைலட்டிடம் ஓரங்கட்டச் சொல்லி விளக்கைப் போடுங்கள்.

தலை வெளியே வரும்போது இழுக்கக் கூடாது, ஒரு கையால் லேசாகத் தாங்கி, வேகமாகத் தெறித்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், தளர்வாக இருந்தால் தலைவழியே கழற்றிவிடலாம். குழந்தை வந்ததும் நன்றாகத் துடைக்க வேண்டும். அந்தத் துடைப்பிலேயே பாதிக் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும். அழுத குழந்தையை அம்மா நெஞ்சில் போட்டு மூடி, ஒன்றிரண்டு நிமிடம் கழித்துக் கொடியில் இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டலாம். எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் நீங்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்குதான் தாயை எடுத்துக்கொண்டு போகும். டாக்டர் சொன்னபடி ஊசி போட்டு, அடிவயிற்றைத் தடவிக் கருப்பை கெட்டியாகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

பிறந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதிவிடுங்கள். படிவத்துக்கும் வேண்டும், பாட்டிக்கும் வேண்டும். ஜாதகம் எழுத "கரெக்டா எத்தனை மணி தம்பி?" என்று மூன்று நாள் கழித்தும் போன் வரும்.

இறந்தவரை ஏற்றிச் செல்லலாமா?

108 உயிரோடு இருப்பவர்களுக்கு. உடலைக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. இதை அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் சொல்வது கஷ்டம். "இன்னும் சூடு இருக்கு, தூக்குங்க" என்பார்கள். நாடி, மூச்சு, கண்மணி, ஈ.சி.ஜி. வசதி இருந்தால் அதையும் அவர்கள் கண் முன்னாலேயே பார்த்து, மைய டாக்டரிடம் பேசிவிட்டு, வீட்டில் வயதில் மூத்தவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சி.பி.ஆர். செய்துகொண்டே ஏற்றிவிடுவதுதான் நல்லது.

கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமா?

எப்போதாவது. விபத்து, தீக்காயம், விஷம், அடிதடி எல்லாம் போலீஸ் கேஸாகும், நீங்கள் சாட்சியாக அழைக்கப்படலாம். அதனால்தான் படிவத்தை ஒழுங்காக எழுதச் சொல்கிறேன். தீக்காயப்பட்ட பெண் "அடுப்பு வெடிச்சது" என்றாரா, "அவர்தான் ஊத்தினார்" என்றாரா, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள்.

உதவிக்கு வரும் பொதுமக்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு அவர்களைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்த முடியாது. ஸ்பாட்டில் தயங்கி நிற்பவர்களிடம் இதை நீங்களே சொல்லிவிட்டால் ஸ்ட்ரெச்சர் தூக்க நாலு கை கூடும்.

விபத்தில் சிக்கியவரைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா? பணம்?

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஓர் உச்சவரம்பு வரை அரசு ஏற்கிறது. உங்கள் பகுதியில் அந்தப் பட்டியலில் யார் யார், எங்கே ஸ்கேன் இருக்கிறது, எங்கே மூளை அறுவைக்கு ஆள் இருக்கிறது என்று மனப்பாடமாக வைத்திருங்கள். தலையில் அடிபட்டவரைப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஸ்கேன் இல்லாத இடத்தில் இறக்கினால், அங்கிருந்து மறுபடி ஒரு வண்டி, மறுபடி ஒரு மணி நேரம்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

நிறையப் பேர் இருக்கிறார்கள், பிரசவக் கேஸில் அவர்களைக் கண்டாலே குடும்பத்துக்குத் தெம்பு வரும். இரவு ஷிப்டில் வண்டி நிற்கும் இடத்தில் ஒழுங்கான ஓய்வறை, கழிப்பறை இருக்கிறதா என்பதைச் சேரும் முன் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இந்த அனுபவம் வெளிநாட்டில் செல்லுமா?

50 நாள் பயிற்சிச் சான்றிதழை மட்டும் நம்பி விமானம் ஏறாதீர்கள். வெளிநாட்டில் முறையான படிப்பு, தகுதித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் கேட்பார்கள். பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகளுக்கு என் ஆலோசனை, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்ப பி.எஸ்சி. படிப்பைப் பாருங்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் ஒரு தொழிலாக அங்கீகரித்திருக்கிறது. பட்டம் உள்ளவர்களுக்குத்தான் இனி வழி திறக்கும். ஏற்கெனவே வண்டியில் இருப்பவர்கள் அனுபவச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இலங்கையிலும் இப்படி ஒரு சேவை உண்டா?

உண்டு, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய. இந்திய உதவியோடு 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018-இல் யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. ஆரம்பத்தில் அவர்களுடைய ஆட்களுக்குப் பயிற்சி நடந்தது ஹைதராபாத்தில், 108 பிறந்த அதே நிறுவனத்தில்.

மனசு தாங்குமா?

பெரியவர்கள் இறப்பது கொஞ்ச நாளில் தாங்கிவிடும். குழந்தை கேஸ்கள் தாங்காது, பத்து வருட அனுபவக்காரர்களுக்கும்தான். அன்றைக்கு இரவு உங்கள் பைலட்டோடு டீ குடித்துவிட்டு அதைப் பற்றிப் பேசிவிட்டுப் போங்கள், வீட்டுக்குச் சுமந்துகொண்டு போய் மனைவி பிள்ளைகள் மேல் எரிந்து விழாதீர்கள். தூக்கம் கெட்டு, அதைச் சமாளிக்கக் குடி சேர்ந்து வேலையைவிட்டே போனவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் நீங்கள் தினமும் போகிற அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும், போய்ப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் நாள் பையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

இரண்டு பேனா (ஒன்று கண்டிப்பாகக் காணாமல் போகும்), சின்ன டார்ச், துணி கத்தரிக்க நல்ல கத்தரிக்கோல், மாற்றுச் சட்டை, தண்ணீர், பிஸ்கட் பாக்கெட், போன் சார்ஜர். ஷிப்ட் எடுத்ததும் ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, உறிஞ்சும் கருவி ஓடுகிறதா, ஆம்பு பையோடு குழந்தை மாஸ்க்கும் இருக்கிறதா என்று நீங்களே கையால் எடுத்துப் பாருங்கள். முந்தின ஷிப்ட் ஆள் "எல்லாம் ஓ.கே. பிரதர்" என்று சொல்லியிருந்தாலும்.